பகுதிப் பதிவிறக்கமும் தமிழ் எழுத்தின் எல்லையும்



மொழி குறித்த சொற்பொழிவு வரிசையில் கோப்புப் பதிவிறக்கம் ஒரு பொருளாக அமைவது சிலருக்கு வியப்பளிக்கலாம். எழுத்தும் சொல்லும் பொருளும் ஆராயப்பட வேண்டிய அவையில், இரு கணினிகளுக்கு இடையே நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். இடம் உண்டு. ஒரு கோப்பின் ஒரு பகுதியை மட்டும் இணையத்திலிருந்து பெறும்போது, அது தமிழ்க் கோப்பாயின், கணினி எங்கே வெட்டுகிறது என்பது எழுத்திலக்கணம் சார்ந்த வினாவாகிவிடுகிறது. வெட்டு தகாத இடத்தில் விழுந்தால் ஒரு சொல் வேறொரு சொல்லாக மாறக்கூடும். மாறியதற்கான அடையாளமும் இராது. அது எவ்வாறு நேர்கிறது, அதனை எவ்வாறு தடுப்பது என்பவற்றை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

பகுதி மட்டும் ஏன்?

தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அக்கலைக்களஞ்சியம், இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் முதலியோரின் உழைப்பால் வளர்ந்து, 2017ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அதன் கட்டுரைகள் அனைத்தையும் ஒரே சுருக்கக் கோப்பாகத் தொகுத்து விக்கிமீடியா நிறுவனம் காலமுறைப்படி வெளியிடுகிறது. எவரும் கட்டணமின்றி அதனைப் பெறலாம். சொல்லாராய்ச்சி செய்வோர்க்கும் அகராதி தொகுப்போர்க்கும் அஃது அரிய மூலமாகும். ஆனால் அக்கோப்பு நூறு மெகாபைட்டுக்கும் மேற்பட்டது; விரித்தால் பன்மடங்கு பெருகும். சொல்வழக்கை ஆராய நூறு கட்டுரைகள் மாதிரியாகக் கிடைத்தாலே போதும் என்னும் டத்தோ கிராமாட் மாணவர் ஒருவர் முழுக் கோப்பையும் இறக்குவது, ஒரு குடம் நீருக்காகக் குளத்தையே இறைப்பதற்கு ஒப்பாகும்.

இன்னொரு தேவையும் உண்டு. பெரிய கோப்பில் பத்தில் ஒன்பது பங்கு வந்தபின் இணைப்பு அறுந்துபோகலாம். எஞ்சிய ஒரு பங்கை மட்டும் கேட்டுப் பெற முடியுமாயின், வந்தது வீணாகாது. கைப்பேசித் தரவை அளந்து வாங்கிப் பயன்படுத்துவோர்க்கு இது காலத்தோடு பணத்தையும் மிச்சப்படுத்தும்.

கேட்கும் முறையும் விடை கூறும் முறையும்

இணையத்தில் கோப்பைக் கேட்கும் கணினியும் அதனை வழங்கும் கணினியும் பின்பற்றும் உடன்படிக்கைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். 1997 ஜனவரியில் வெளியான அதன் 1.1ஆம் பதிப்பின் வரையறையிலேயே பகுதியாகக் கேட்கும் முறை இடம்பெற்றுவிட்டது. 2022 ஜூனில் வெளியான வரையறையிலும் அம்முறை தொடர்கிறது.

முறை எளியது. கேட்கும் கணினி தன் வேண்டுகோளில் ‘ரேஞ்ச்’ என்னும் ஒரு தலைப்பு வரியைச் சேர்க்கிறது. ‘பைட்ஸ்’ என்னும் சொல், சமன்குறி, தொடக்க எண், இடைக்கோடு, இறுதி எண் என்பன அவ்வரியின் உறுப்புகள். பைட்டு என்பது கோப்பின் அடிப்படை அளவலகு. எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். இரண்டு எல்லைகளும் உள்ளடங்கும். ஆகவே 0-999 என்று கேட்டால் ஆயிரம் பைட்டுகள் வரும். இறுதி எண்ணை விட்டு 1000- என்று கேட்டால் ஆயிரத்தோராவது பைட்டு முதல் கோப்பின் முடிவு வரை வரும். தொடக்க எண்ணை விட்டு -500 என்று கேட்டால் கடைசி ஐந்நூறு பைட்டுகள் வரும்.

வழங்கும் கணினியின் விடை எண் வடிவில் அமைகிறது. 206 என்றால் கேட்ட பகுதி மட்டும் வருகிறது என்பது பொருள். எந்த எண் முதல் எந்த எண் வரை, மொத்தம் எத்தனை பைட்டு என்னும் விவரம் ‘கன்டென்ட்-ரேஞ்ச்’ என்னும் வரியில் உடன்வரும். 200 என்றால் முழுக் கோப்பும் வருகிறது என்பது பொருள். பகுதி கேட்பது வேண்டுகோளே அன்றி ஆணை அன்று. வழங்கும் கணினி அதனைப் புறக்கணித்து முழுவதையும் அனுப்ப உரிமை உடையது. 416 என்றால் கேட்ட எல்லை கோப்பில் இல்லை என்பது பொருள். 200ஐ 206 என்று கருதிக்கொண்டு, வந்ததைப் பழைய பகுதியின் வாலில் ஒட்டிவிடுவது நிரல் எழுதப் பழகுவோரிடம் அடிக்கடி காணப்படும் பிழை. விடை எண்ணைப் பார்த்த பின்னரே ஒட்ட வேண்டும்.

வேறொரு காப்பும் தேவை. முதற்பகுதியை நேற்றும் எஞ்சியதை இன்றும் பெறுகிறோம். இடையில் கோப்பு புதுப்பிக்கப்பட்டிருந்தால், ஒரு நூலின் முதற்பதிப்பின் முற்பாதியை இரண்டாம் பதிப்பின் பிற்பாதியோடு சேர்த்துத் தைத்ததாகும். இதனைத் தடுக்கக் கோப்பின் ஒவ்வொரு வடிவத்துக்கும் ‘ஈடேக்’ என்னும் அடையாளம் வழங்கப்படுகிறது. அந்த அடையாளத்தை ‘இஃப்-ரேஞ்ச்’ என்னும் வரியில் வைத்துக் கேட்டால், கோப்பு மாறாதிருந்தால் மட்டும் பகுதியும், மாறியிருந்தால் முழுக் கோப்பும் வரும்.

பெர்ல் என்னும் கருவி

இவ்வேலையைப் பல நிரல்மொழிகளில் செய்யலாம். பெர்ல் மொழியை எடுத்துக்கொள்வதற்கு நம் துறை சார்ந்த ஒரு காரணம் உண்டு. 1987 டிசம்பரில் அதனை வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர். எழுத்தில்லாத ஒரு மொழிக்கு எழுத்துமுறை வகுத்தளிக்கும் எண்ணத்தோடு அவரும் அவர் மனைவியும் பெர்க்லியில் மொழியியல் கற்றனர். அப்பயிற்சியின் தடம் பெர்லில் தெரிகிறது. ஒரு மதிப்பை மட்டும் தாங்கும் பெயருக்கு முன் ஒரு குறி, பல மதிப்புகளைத் தாங்கும் பெயருக்கு முன் வேறொரு குறி என, ஒருமை பன்மை வேறுபாடு அதன் இலக்கணத்திலேயே அமைந்துள்ளது.

பெர்லிலிருந்து இணையத்தை அணுகப் பயன்படும் தொகுதி எல்.டபிள்யூ.பி. எனப்படும். அதன் தொடக்க வடிவத்தை எழுதிய ராய் ஃபீல்டிங் எச்.டி.டி.பி. 1.1 வரையறையை எழுதியவர்களுள் ஒருவர். இன்றைய வடிவத்துக்கு அடித்தளம் இட்டவர்கள் கிஸ்லே ஆஸும் மார்ட்டின் காஸ்டரும் ஆவர்.

நிரலின் போக்கைத் தமிழிலேயே கூறிவிடலாம். முதலாவது, எல்.டபிள்யூ.பி. தொகுதியிலிருந்து ஒரு முகவரை உருவாக்கி, அதற்கு நம்மை இனங்காட்டும் பெயர் ஒன்றை இடுக. இரண்டாவது, ‘ஹெட்’ என்னும் வேண்டுகோளை அனுப்புக. கோப்பு வராது, அதன் நீளமும் ஈடேக்கும் வரும். பகுதிகளை வழங்க இசைவு உண்டு என்று கணினி அறிவித்திருந்தால் அதுவும் தெரியும். மூன்றாவது, ‘கெட்’ என்னும் வேண்டுகோளில் முகவரியையும் ரேஞ்ச் வரியையும் சேர்த்து அனுப்புக. நான்காவது, விடை எண் 206தானா என்று சோதிக்க. ஐந்தாவது, வந்த உள்ளடக்கத்தை எந்த மாற்றமும் இன்றிப் பைட்டுகளாகவே கோப்பில் எழுதுக.

தடைப்பட்ட பதிவிறக்கத்தைத் தொடர்வதற்கு இன்னும் ஒரே செயல் போதும். கையில் உள்ள அரைகுறைக் கோப்பின் நீளத்தைப் பெர்ல் ஒரு சிறு குறியால் கூறிவிடும். அந்த நீளமே அடுத்த வேண்டுகோளின் தொடக்க எண். எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியதில்லை.

ஐந்தாவது படியில் ‘பைட்டுகளாகவே’ என்று கூறியதன் காரணத்தை இனிக் காண்போம்.

பைட்டு வேறு, எழுத்து வேறு

கணினி ஒரு கோப்பை எழுத்துகளின் வரிசையாகக் காண்பதில்லை. 0 முதல் 255 வரையான எண்களின் வரிசையாகவே காண்கிறது. அவ்வெண் ஒவ்வொன்றும் ஒரு பைட்டு. யூனிகோடு முறை தமிழுக்கென 128 குறியிடங்கள் கொண்ட ஒரு பகுதியை ஒதுக்கியுள்ளது. இணையத்தில் பெருவழக்காக உள்ள யூ.டி.எஃப்.-8 முறையில் அவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகின்றன. முதற்பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128 முதல் 191 வரையான ஓர் எண். ககரம் 224, 174, 149 என்னும் மூன்று எண்கள்.

குறியிடமும் எழுத்தும் ஒன்றல்ல என்பது அடுத்த செய்தி. ‘பினாங்கு’ என்னும் சொல்லில் பி, னா, ங், கு என நான்கு எழுத்துகள். யூனிகோட்டிலோ அது பகரம், இகரக் குறி, னகரம், கால், ஙகரம், புள்ளி, ககரம், உகரக் குறி என எட்டுக் குறியிடங்கள். ஆகவே 24 பைட்டுகள். நம் இலக்கணம் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகளை எண்ணுகிறது. யூனிகோடு உயிர்மெய்களுக்குத் தனித்தனி இடம் தரவில்லை. அகரமேறிய மெய்யை அடியாக வைத்து, குறிகளை அதன்பின் சேர்க்கிறது.

இவ்விடத்தில் ஓர் இலக்கண முரண் உண்டு. தொல்காப்பிய மரபில் மெய் அடிப்படை. புள்ளி அதன் இயல்பு. உயிர் ஏறும்போது புள்ளி நீங்கி உயிர்மெய் பிறக்கிறது. யூனிகோட்டில் அகர உயிர்மெய் அடிப்படை. புள்ளி அதன்மேல் வந்து ஏறும் ஒட்டு. ‘க’ மூன்று பைட்டு; ‘க்’ ஆறு பைட்டு. திரையில் படிப்போர்க்கு இம்முரணால் தீங்கில்லை. வெட்டும்போது தீங்குண்டு.

ஓசையின்றி நேரும் பிழை

‘பல்’ என்னும் சொல்லைக் கருதுக. பகரம், லகரம், புள்ளி என மூன்று குறியிடங்கள், ஒன்பது பைட்டுகள். இச்சொல்லின் நடுவே ரேஞ்ச் எல்லை விழுகிறது என்று கொள்வோம். ஏழாவது அல்லது எட்டாவது பைட்டோடு பகுதி முடிந்தால் புள்ளியின் குறியீடு உடைந்துவிடும். கணினி அவ்வுடைவைக் கண்டறிந்து, கேள்விக்குறி பொறித்த சாய்சதுரத்தை அவ்விடத்தில் காட்டும். இது வெளிப்படையான பிழை, காண்போர் திருத்திக்கொள்வர்.

ஆறாவது பைட்டோடு பகுதி முடிந்தால் நிலைமை வேறு. பகரமும் லகரமும் முழுமையாக உள்ளன. எந்தக் குறியீடும் உடையவில்லை. கணினி எந்தக் குறையும் காணாது. ஆனால் ‘பல்’ இப்போது ‘பல’ ஆகிவிட்டது. வாயில் உள்ள உறுப்பு எண்ணிக்கைச் சொல்லாகிவிட்டது. இவ்வாறே ‘கண்’ என்பது ‘கண’ ஆகும். ‘மணி’ என்பது ‘மண’ ஆகும். ‘பலா’ என்பதும் ‘பல’ ஆகும். அடுத்த பகுதியோ புள்ளியையோ காலையோ முதலாகக் கொண்டு தொடங்கும். மொழிமுதல் வரும் எழுத்துகளை வரையறுத்த இலக்கணம் உடைய மொழியில், எழுத்தின் ஓர் உறுப்பே பகுதிக்கு முதலாக வந்து நிற்கும்.

நம் யாப்பிலக்கணத்தில் வகையுளி என்றொரு செயல் உண்டு. சொல்லின் பொருளைக் கருதாது, ஓசையையும் சீரையும் கருதிச் சொல்லைப் பிளந்து காட்டுவது அது. கணினியின் ரேஞ்ச் வெட்டும் ஒருவகை வகையுளியே. ஆயினும் வேறுபாடு பெரிது. வகையுளி சொல்லைப் பிளக்குமே அன்றி எழுத்தைப் பிளப்பதில்லை. அசைக்குக் கீழே எழுத்து என்னும் உறுப்பை நம் முன்னோர் எல்லையாக வைத்தனர். பைட்டுக் கணக்கு அந்த எல்லையை அறியாது.

முழுச் சொற்களையும் எண்ணி, எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று அட்டவணை இடுவோர்க்கு இது நேரடியான கேடு. ஒரு பெரிய கோப்பை ஆயிரம் துண்டுகளாகப் பெற்று, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே படித்தால், 999 வெட்டுவாய்கள் உண்டாகின்றன. அவற்றுள் எது சொல்லை மாற்றியது என்பதைப் பின்னர்க் கண்டறிய வழியில்லை. ‘பல்’ ஒன்று குறைந்து ‘பல’ ஒன்று கூடியதை எந்தப் பிழைதிருத்தியும் காட்டித் தராது. இரண்டும் அகராதியில் உள்ள சொற்கள்.

மூன்றின் மடங்காக வெட்டினால் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது. இடைவெளியும் வரிமுறிவும் முற்றுப்புள்ளியும் ஒவ்வொரு பைட்டே ஆதலால், முதற்சொல்லுக்குப் பின்னரே மூன்றின் கணக்குப் பிறழ்ந்துவிடும். பிறழாவிடினும், மூன்றின் மடங்கு குறியிடத்தைக் காக்குமே அன்றி எழுத்தைக் காக்காது. ‘பல’ என்னும் பிழை ஆறாவது பைட்டில்தான் நேர்ந்தது.

இது யூனிகோட்டுக்கு மட்டும் உரிய குறையும் அன்று. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, தொடக்க ஆண்டுகளில் தன் நூல்களை வெளியிட்ட திஸ்கி முறையில் ஒரு வடிவத்துக்கு ஒரு பைட்டு. அங்கும் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என மூன்று பைட்டுகளாகவே நின்றது. தமிழ்நாட்டு அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோட்டோடு சேர்த்து ஏற்ற அனைத்து எழுத்துருக் குறியீட்டு முறையில், எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. அதில் புள்ளி தனியே பிரிந்து போகாது. எனினும் இணையத்தில் நம் கைக்கு வரும் கோப்புகள் பெரும்பாலும் யூனிகோட்டிலேயே உள்ளன. ஆகவே வெட்டும் முறையை நாம்தாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

காக்கும் நெறிகள்

முதல் நெறி: முன்னர் ஒட்டுக, பின்னர்ப் படிக்க. பகுதிகள் அனைத்தும் கிடைக்குமாயின், அவற்றைப் பைட்டுகளாகவே வரிசைப்படி ஒட்டிவிட்டால், பிரிந்த புள்ளி தன் லகரத்தோடு மீண்டும் சேர்ந்துவிடும். ஒட்டிய பின்னரே எழுத்தாக மாற்ற வேண்டும். எல்.டபிள்யூ.பி. தொகுதியில் உள்ளடக்கத்தை எழுத்தாக மாற்றித் தரும் செயல் ஒன்றும், வந்தபடியே தரும் செயல் ஒன்றும் உண்டு. பகுதிப் பதிவிறக்கத்தில் இரண்டாவதையே கொள்க.

இரண்டாம் நெறி: ஒரு பகுதி மட்டுமே போதுமாயின், வெட்டுவாயைச் சீர்செய்க. யூ.டி.எஃப்.-8 முறையில் இடைவெளிக்கு உரிய 32 என்னும் எண்ணும், வரிமுறிவுக்கு உரிய 10 என்னும் எண்ணும் எந்தத் தமிழ் எழுத்தின் உள்ளும் வாரா. ஆகவே பகுதியின் தொடக்கத்தில் முதல் வரிமுறிவு வரையும், முடிவில் கடைசி வரிமுறிவுக்குப் பின்னும் உள்ளவற்றை நீக்கிவிட்டால், எஞ்சியவை முழு வரிகள். எழுத்தும் சொல்லும் ஒருங்கே காக்கப்படும். கோப்பின் தொடக்கத்திலிருந்தே பெற்ற பகுதியாயின் முடிவை மட்டும் சீர்செய்தால் போதும்.

மூன்றாம் நெறி: வரிமுறிவோ இடைவெளியோ இல்லாத கோப்பாயின், 128 முதல் 191 வரையான எண்கள் பகுதியின் முதலில் நின்றால் அவற்றை நீக்குக, அவை முந்தைய குறியிடத்தின் எச்சம். முடிவில் மூன்று பைட்டு நிறையாத குறியிடத்தையும் நீக்குக. அதன்பின் எழுத்தாக மாற்றி, முதலில் நிற்கும் புள்ளியையும் உயிர்க்குறியையும் விலக்குக. கடைசி எழுத்து முழுமையாகத் தோன்றினாலும் அதனையும் விலக்குக. அதற்குரிய புள்ளி அடுத்த பகுதியில் இருக்கக்கூடும். அடியெழுத்தையும் அதன் குறிகளையும் ஓர் அலகாகக் கொள்ளும் வசதி பெர்லின் வடிவத்தேடலில் உண்டு.

வெட்டுவதற்கென்றே அமைந்த கோப்பு

தொடக்கத்தில் கூறிய விக்கிப்பீடியாக் கோப்புக்குத் திரும்புவோம். அதன் ‘மல்டிஸ்ட்ரீம்’ வடிவம் பகுதியாகப் பெறுவதற்கென்றே அமைக்கப்பட்டது. நூறு நூறு பக்கங்களைத் தனித்தனியே சுருக்கி, அக்கட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துள்ளனர். உடன்வரும் அட்டவணைக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் மூன்று செய்திகள் முக்காற்புள்ளியால் பிரிந்து நிற்கும்: கட்டு தொடங்கும் பைட்டு எண், பக்க எண், பக்கத்தின் தலைப்பு. ஓலைச்சுவடிக்கு ஏட்டெண் எவ்வாறோ, இக்கோப்புக்கு அந்தப் பைட்டு எண் அவ்வாறு.

அட்டவணையை இறக்கி விரித்து, பினாங்கு என்னும் தலைப்பைத் தேடி, அவ்வரியின் முதலெண்ணைக் குறித்துக்கொள்க. அதற்குப் பின் வரும் வேறான முதலெண்ணே அடுத்த கட்டின் தொடக்கம். முன்னதிலிருந்து, பின்னதில் ஒன்று குறைத்த எண் வரை ரேஞ்ச் வரியில் கேட்டால் ஒரு முழுக் கட்டு வந்துவிடும். பெர்லோடு வரும் பன்சிப் தொகுதியால் அதனை விரித்தால், பினாங்குக் கட்டுரையும் அதனைச் சூழ்ந்த பிற பக்கங்களும் கிடைக்கும். வெட்டு கட்டின் மூட்டில் விழுந்தமையால் எந்த எழுத்தும் ஊறுபடாது.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். அட்டவணையும் கோப்பும் ஒரே நாளைய வெளியீடாக இருக்க வேண்டும். ‘அண்மையது’ என்று பொதுப்பெயர் இட்ட முகவரி காலந்தோறும் வேறொரு கோப்பைச் சுட்டும். நாள் குறித்த முகவரியிலிருந்தே இரண்டையும் பெறுக. ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து பொதுக் கணினிக்குச் சுமை கூட்டாதிருப்பதும் முறை.

மல்டிஸ்ட்ரீம் கோப்பில் மூட்டை அமைத்தவர் கோப்பைத் தொகுத்தவர். நாம் இணையத்தில் காணும் சாதாரணத் தமிழ் உரைக்கோப்புகளில் அத்தகைய மூட்டு இல்லை. அங்கே எழுத்தின் எல்லை எது என்று எச்.டி.டி.பி. கூறாது, பெர்லும் தானாகக் கூறாது, நிரல் எழுதுவோரே கூற வேண்டும். அதற்கு நிரல்மொழியோடு எழுத்ததிகாரமும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆசிரியப் பெருமக்கள் இதனை வகுப்பிலேயே செய்துகாட்டலாம். ‘பல்’ என்னும் ஒரு சொல்லை மட்டும், வரிமுறிவின்றியும் முன்னடையாளம் இன்றியும், யூ.டி.எஃப்.-8 கோப்பாகச் சேமிக்கச் செய்க. கோப்பின் நீளம் ஒன்பது பைட்டு என்பதை உறுதிசெய்தபின், முதல் ஒரு பைட்டு, முதல் இரண்டு பைட்டு என எட்டு வரை வெட்டித் திரையில் காட்டுக. ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு, எட்டு ஆகிய வெட்டுகளில் உடைவு தெரியும். மூன்றில் பகரம் தனித்து நிற்கும். ஆறில் எந்தக் குறையும் இன்றி ‘பல’ என்று தோன்றும். எந்த வெட்டு மிகத் தீயது என்று மாணவரைக் கேளுங்கள்.